நாலு நூல் நட்டு

பாபநாசத்தில் யாரும் போல்ட்டை அளவு சொல்லி வாங்குவதில்லை. விரலைக் காட்டுவார்கள். சுண்டுவிரல் தடிமன், ஆள்காட்டி விரலில் பாதி நீளம் என்பார்கள். விரல் ஆளுக்கு ஆள் மாறும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. போன மாதம் உங்கள் ஜீப்பின் நம்பர் பிளேட்டுக்கு ஸ்க்ரூ வாங்க வந்த ஏட்டும் கட்டைவிரலைத்தான் காட்டினார், இன்ஸ்பெக்டர் சார். அவர் காட்டியபடி கொடுத்திருந்தால் நம்பர் பிளேட்டைத் தாண்டி ரேடியேட்டருக்குள் போயிருக்கும்.

நான் வந்தது அதற்காக இல்லை. பந்தல்காரர் செந்தில்குமார் அலங்கார வளைவிலிருந்து விழுந்து செத்துப்போன வழக்கில், கூத்தாநல்லூர் பாசித்தைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். வளைவின் இரும்புச் சட்டத்தைச் செய்து கொடுத்தவர் அவர். அதனால் அவர் வைத்த வெல்டிங் விட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். சட்டம் உங்கள் ஸ்டேஷன் வாசலில்தான் கிடக்கிறது. உள்ளே வரும்போது நின்று பார்த்தேன். ஒரு வெல்டிங்கூட விடவில்லை. விட்டது நடு ஜாயின்ட். அங்கே வெல்டிங்கே கிடையாது, நட்டும் போல்ட்டும்தான். இதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். "உங்களுக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?" என்று சிரித்தீர்கள். சிரித்ததால் உட்கார்ந்துவிட்டேன். மூலையில் இருக்கிற ஜெயபாரதி மேடம் எழுதிக்கொள்ளட்டும். நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் ஷோபனா. கடைத்தெருவில் நட்டு போல்ட்டுக் கடை வைத்திருந்த ராஜராஜனின் மனைவி. செத்துப்போன செந்தில்குமார் என் கணவரின் தம்பி. நான் தஞ்சாவூரில் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவள். வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் படிப்பைப் பெரிதாகப் போட்டார்கள். அதற்கப்புறம் யாரும் அதை எங்கேயும் போடவில்லை.

கடைக்குப் பின்னால்தான் வீடு. என் கணவர் நல்ல மனிதர். இரும்பைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் துருப்பிடிக்கும் என்பது மட்டும்தான். யாராவது உடைந்த போல்ட்டைக் கொண்டுவந்தால், "வெளிச்சத்துல பாத்துட்டு வந்துர்றேன்" என்று உள்ளே எடுத்துக்கொண்டு வருவார். எங்கள் சமையலறையில் சன்னல்கூடக் கிடையாது. நான் அடுப்படியில் நின்றபடியே கையில் வாங்கிப் பார்த்து, இது என்ன அளவு, திருகு வரி என்ன மரை, சாதா இரும்பா உறுதி கூடிய ஹை டென்சிலா, வாஷர் எது போட வேண்டும் என்று சொல்வேன். அவர் போய் அதையே சொல்வார். ராஜராஜன் கையில் தொட்டாலே அளவு சொல்லிவிடுவான் என்று ஊரே பேசிக்கொண்டது. மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டார். அவருக்குத்தான்.

பிறகு அவர் மாரடைப்பில் போய்விட்டார். அதில் எனக்குச் சம்பந்தமில்லை. உங்கள் முகம் போன போக்கைப் பார்த்துச் சொல்கிறேன்.

நான் கல்லாவில் உட்கார்ந்தேன். அதே கடை, அதே சரக்கு, சொல்லுகிற விஷயமும் அதேதான். குரல் மட்டும் மாறியிருந்தது. வருகிறவர்கள் என் தலைக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஆம்பள ஆளு யாரும் இல்லியாம்மா?" என்பார்கள். நான் எடுத்துத் தருகிறேன் என்றால் நம்ப மாட்டார்கள். ஒரு முறை ஒருவர் வாசலிலேயே நின்று, பக்கத்து டீக்கடைக்காரர் வரும்வரை காத்திருந்து அவரிடம் யோசனை கேட்டார். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் சொன்னேன், அவர் அதைத் திருப்பிச் சொன்னார். வந்தவர் வாங்கிக்கொண்டு போனார். டீக்கடைக்காரருக்கு அன்றைக்குப் பெரிய மரியாதை.

அப்போதெல்லாம் நான் எதிர்த்துச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். டிராக்டரிலிருந்து, பின்னால் மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டருக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டில் ஒரு போல்ட் உண்டு, சார். வயலில் கல்லோ வேரோ மாட்டினால் அந்த போல்ட் முதலில் உடைய வேண்டும். அது உடைந்தால் கியர்பாக்ஸ் பிழைக்கும். அதற்காகவே அதை மெத்தென்ற இரும்பில் செய்கிறார்கள். ராஜகிரி பக்கத்துக்காரர் ஒருவர் வந்து, அந்த போல்ட் அடிக்கடி உடைகிறது, உடையாத போல்ட்டாகக் கொடு என்றார். ஐயா, அது உடைவதற்காகவே வைத்தது என்றேன். கூட வந்தவரைப் பார்த்து, "உடையறதுக்குன்னு ஒரு போல்ட்டாம்ப்பா, கேட்டியா?" என்று சிரித்தார். கும்பகோணம் போய் ஹை டென்சில் வாங்கி மாட்டினார். போல்ட் உடையவில்லை. கியர்பாக்ஸ் உடைந்தது. திரும்பி வந்து என் கடை வாசலில் நின்று, "பொம்பளகிட்ட வாங்குனா இப்படித்தான்" என்று எல்லார் எதிரிலும் கத்தினார். என்னிடம் அவர் எதையுமே வாங்கவில்லை.

அன்று எனக்கு வந்த கோபத்தில் சாப்பாடு இறங்கவில்லை. கொஞ்ச நாளில் அவரே மறுபடி வந்தார். கியர்பாக்ஸ் மாற்றியாயிற்று, உடையாத போல்ட் இருக்கிறதா என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். "இப்பத்தாம்மா யாவாரம் கத்துக்கிட்டே" என்றார்.

கற்றுக்கொண்டேன். அதிலிருந்து கடையில் ஒரே கொள்கை. கேட்டதைக் கொடுப்பது. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது.

இதில் பெரிய நிம்மதி இருந்தது, சார். நாகப்பட்டினத்தில் கருவாட்டுக் கொட்டகை போடுகிறவர் ஒருவர் கூரைத் தகரத்துக்குக் கொக்கி போல்ட் வாங்க வந்தார். கடற்கரையில் ஸ்டெயின்லெஸ்தான் நிற்கும். உப்புக் காற்று மற்றதையெல்லாம் அரித்துவிடும். அவர் துத்தநாகம் பூசியதைக் கையில் எடுத்துப் பார்த்து, "பளபளன்னு இருக்கே, இதையே போடுங்க" என்றார். போட்டேன். அடுத்த புயலில் தகரம் கிளம்பிப் பக்கத்து வீட்டு மாட்டின் கழுத்தில் போய் நின்றது. செய்தியைக் கேட்டு வருத்தப்பட்டேன். அந்த மாடு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கொட்டகைக்காரர் மறுபடி வந்து அதே போல்ட்டை இன்னும் கொஞ்சம் கூடுதலாக வாங்கிப் போனார். காற்று அதிகமாம்.

ஆசாரிகள் மர ஸ்க்ரூவைச் சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டு, பேருக்கு ஒரு சுற்றுத் திருகுவார்கள். பைப்பைப் பிடிக்க வேண்டிய யு போல்ட்டில் ஊஞ்சலைத் தொங்க விட்டார் ஒருவர். தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டுக்கு நட்டே இல்லாமல் கம்பியால் கட்டினார் இன்னொருவர். எல்லாரும் என்னிடம் சரக்கு வாங்கினார்கள். சொல்லப் போனால் கல்லாவில் உட்காருவது எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொருவரும் தனக்கு என்ன நேர வேண்டுமோ அதைத் தன் வாயாலேயே கேட்டு, எடை போட்டு, பையில் வாங்கிக்கொண்டு போனார்கள். போகும்போது என்னைவிடத் தங்களுக்கு அதிகம் தெரியும் என்ற திருப்தியும் அவர்களுக்கு இருந்தது. வியாபாரமும் நன்றாகவே நடந்தது.

அந்தக் கடையைத்தான் ஆடி மாதத்தில் எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள்.

என் மாமனார் வீரையன் கூடத்தில் உறவுக்காரர்களை உட்கார வைத்துப் பேசினார். ராஜராஜன் போன பிறகும் கடை நடந்துகொண்டிருக்கிறது, ஆனாலும் ஓர் ஆண் துணை இல்லாமல் எத்தனை நாள் நடக்கும் என்பது பேச்சு. கடையை நான் நடத்துகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. கடை நடந்துகொண்டிருக்கிறது என்றார்கள், வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரி. ஐப்பசி பிறந்ததும் செந்தில் எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று. நான் அப்போது எல்லாருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். மாமா நிமிர்ந்து பார்த்து, "உனக்கும் அலைச்சல் மிச்சந்தானம்மா" என்றார்.

செந்தில் கெட்டவன் இல்லை. பந்தல், மேடை, சீரியல் லைட், வரவேற்பு வளைவு என்று பாபநாசம் வட்டாரத்தில் பெயர் எடுத்தவன். நட்டு போல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃப்ளெக்ஸ் அடிக்கிற மெஷின் போடப் போகிறேன் என்று சொன்னான். "காது குத்துக்கும் கருமாதிக்கும் ஃப்ளெக்ஸ் இல்லாம இப்ப எதுங்கண்ணி நடக்குது? மெஷின் மட்டும் வந்துருச்சுன்னா ஊரே நம்ம வாசல்ல நிக்கும்." அது உண்மைதான். அவன் கணக்கில் தப்பில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க வருத்தப்படாதீங்கண்ணி. உங்களுக்கு நல்ல தையல் மெஷினா ஒண்ணு வாங்கித் தர்றேன்" என்றான்.

தையல் மெஷினை மட்டும் அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தைக்கத் தெரியாது, சார். அந்த வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் அது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. காபி டம்ளர்களைக் கழுவப் போட்டுவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போனேன்.

இனி நட்டு விஷயம். இது கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டியது. நம் பக்கத்தில் போல்ட்டின் தடிமனை நூல் கணக்கில் சொல்வோம். ஒரு இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். நாலு நூல் என்றால் அரை இஞ்ச். இப்போது வருகிற சரக்கில் பாதி மில்லிக் கணக்கில் வருகிறது. நாலு நூலும் பன்னிரண்டு மில்லியும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒரு மில்லிகூட வித்தியாசம் கிடையாது. இரண்டுக்கும் ஒரே பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர் போதும். பன்னிரண்டு மில்லி போல்ட்டில் நாலு நூல் நட்டை மாட்டினால் ஏறும். சுற்றும். அடியில் ஸ்பிரிங் வாஷர் இருந்தால் இறுகிய மாதிரியே காட்டும். ஆனால் மரைக்கு மரை சேராது, நுனியை நுனி தொட்டுக்கொண்டிருக்கும். சும்மா நிற்கும்வரை நிற்கும். பாரம் ஏறினால் நட்டு சுற்றாமலே நழுவி வந்துவிடும். ஊரில் பாதிப் பேர் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து வாங்குகிறார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் பெரும்பாலான போல்ட்டுகளுக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை.

செந்தில் வளைவுக்கு வாங்கி வைத்திருந்தது பன்னிரண்டு மில்லி போல்ட், நல்ல சரக்கு. அவனுடைய ஆட்கள் வளைவைப் பிரிக்கும்போது நட்டைக் கழற்றி அங்கேயே போட்டுவிடுவார்கள். அது பக்கத்து வயல் சேற்றுக்குள் போய்விடும். பிரித்ததும் நட்டை அந்தந்த போல்ட்டிலேயே ஏற்றி வையுங்கள் என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். யார் கேட்டார்கள்? அதனால் ஒவ்வொரு விசேஷத்துக்கும் முன்னால் நட்டு தேவைப்படும். அவன் விழுந்து செத்த அந்தக் காதணி விழாவுக்கும் செந்தில் வந்து நட்டு கேட்டான். கொடுத்தேன்.

அந்த ஃப்ளெக்ஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தஞ்சாவூர் சாலையில் மண்டபத்து வாசலில் ரோட்டைத் தாண்டி நின்ற வளைவு. மேலே ஒரு சிங்கம், பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட தாய்மாமன்கள் வரிசை, அதில் ஒன்றுவிட்ட மாமன் முறைக்குச் செந்திலும் ஒருவன், கீழே வாழ்த்துகிற பங்காளிகளின் பாஸ்போர்ட் படங்கள். காது குத்திக்கொள்கிற குழந்தை ஒரு ஓரத்தில் தபால்தலை அளவில் இருந்தது. வளைவின் உச்சியில் விளக்குக் கிரீடம் ஒன்று வைப்பது செந்திலின் வழக்கம். அதை அவன்தான் வைப்பான், வேறு யாரையும் ஏற விட மாட்டான். நடு ஜாயின்ட்டில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, கிரீடத்தைக் கட்டிவிட்டு, கீழே இருக்கிறவர்களுக்குக் கை காட்டுவான். போட்டோ எடுப்பார்கள். அன்றும் எடுத்தார்கள்.

நடு ஜாயின்ட் திறந்துகொண்டது. செந்தில் அங்கேயே போய்விட்டான். அடியில் கூடை வைத்துப் பூ விற்றுக்கொண்டிருந்த பூவம்மாளுக்கு ஒரு கால் போயிற்று. அது என் யோசனையில் இல்லாத ஒன்று. பூக்காரர்கள் வழக்கமாக மண்டபத்துக்குள்தான் உட்காருவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டு வந்தேன். நல்ல நேரம் முடிவதற்குள் பின்வாசல் வழியாகக் குழந்தையைக் கொண்டுபோய்க் காது குத்திவிட்டார்கள். சமையல் ஆகிவிட்டது, ஐந்நூறு இலை, என்ன செய்வது.

கண்ணீர் அஞ்சலி பேனரில் செந்திலின் எந்தப் படத்தைப் போடுவது என்று அவனுடைய நண்பர்கள் தேடினார்கள். அதே தாய்மாமன் படம்தான் கிடைத்தது, கறுப்புக் கண்ணாடியும் தூக்கிய கட்டைவிரலுமாக. மாலையை வரைந்து, கீழே இரண்டு கண்ணீர்த் துளியைச் சேர்த்துவிட்டார்கள். பேனரை நிறுத்தப் போல்ட் வாங்க என் கடைக்கே வந்து, "கடையில ஆம்பள யாரும் இல்லியாக்கா?" என்று கேட்டார்கள். இல்லை, அவர் பேனரில் இருக்கிறார் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அதற்கு மட்டும் தலையில் எட்டு புள்ளி எட்டு என்று பொறித்த ஹை டென்சில் போல்ட்டும் பொருத்தமான நட்டும் எடுத்துக் கொடுத்தேன். அது இன்னும் ஆடாமல் நிற்கிறது. வீட்டுக்குப் போகும்போது பாருங்கள்.

தெரிந்தே கொடுத்தேனா என்கிறீர்கள். தெரியாமல் கொடுக்கிற பழக்கம் என் கடையில் இல்லை, சார்.

நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். முதலில் காற்று என்று எழுதினீர்கள். அன்று குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்த வெயில். பதர்கூடப் பறக்கவில்லை. பிறகு பாசித் என்றீர்கள். இப்போது, "இத உங்களுக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தது? பின்னால யாரு இருக்கா?" என்கிறீர்கள். பின்னால் சுவர்தான் இருக்கிறது. என் வேலை இத்தனை வருஷமும் என் கணவரின் பேரில் நடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இதையும் பாசித்தின் பேரில் எழுதப் பார்க்கிறீர்கள். அவருக்கு மூன்று பெண் குழந்தைகள். நல்ல வெல்டர். ஒரு வேலையை யார் செய்தார்களோ அவர் பேரில்தான் அது இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதில் தப்பு ஒன்றும் இல்லையே.

கடையா? கடை எனக்கு வந்துவிடவில்லை. செந்திலின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மாமா தன் மருமகன் முருகையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இனி அவர் பார்த்துக்கொள்வாராம். முருகையனுக்கு உயரம் என்றால் பயம், ஏணியில் ஏற மாட்டார். அதனால் கொஞ்ச நாளாக யோசனையாகவே இருந்தேன். அதற்குள் பாசித்தைப் பிடித்துவிட்டீர்கள்.

நம்பாவிட்டால் பரவாயில்லை. உங்கள் அலமாரியில் முத்திரை வைத்த கவரில் நடு ஜாயின்ட்டின் போல்ட்டும் நட்டும் இருக்குமே, பிரித்துப் பாருங்கள். பக்கத்துக் கவரில் வளைவுக் கால்களின் ஜாயின்ட்டில் எடுத்தவை இருக்கும். கால்களில் இருப்பவை எல்லாம் பன்னிரண்டு மில்லி நட்டுகள், சரியானவை. ஒன்றைப் போல்ட்டில் ஏற்றி ஆட்டிப் பாருங்கள், ஆடாது. நடு ஜாயின்ட்டில் எடுத்த நட்டை ஏற்றி ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடும். கொடுங்கள், நான் காட்டுகிறேன். இப்படி. தெரிகிறதா? எனக்கும் அன்று கடையில் இப்படித்தான் தெரிந்தது.

ஜெயபாரதி மேடம் ஏதோ கேட்க நினைக்கிறார். நீங்கள் அவர் பக்கம் திரும்பவே இல்லை, சார். கேளுங்கள், மேடம்.

"இல்லக்கா... கேட்டதைத்தான் குடுப்பேன்னு சொன்னீங்க. அவரு பாட்டுக்கு நாலு நூலுன்னு தப்பாக் கேட்டிருந்தா எல்லா ஜாயின்ட்லயும் தப்பு நட்டுதானே இருந்திருக்கணும்? கால்ல எல்லாம் சரியா இருக்கு. நடுவுல மட்டும்தான் தப்பா இருக்கு. அவரு உங்ககிட்ட என்னன்னு சொல்லிக் கேட்டாரு?"

இன்று முழுக்க இந்த அறையில் வந்த ஒரே நல்ல கேள்வி இது. இதை யாரும் கேட்காமலே எழுந்து போய்விடலாம் என்று இருந்தேன். கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

அந்தக் காதணி விழாவுக்கு முந்தைய வாரம் அய்யம்பேட்டையில் அவன் போட்ட வரவேற்பு மேடை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மாப்பிள்ளையும் கீபோர்டு வாசிக்கிறவரும் ஒரே மூலைக்கு வழுக்கி வந்து சேர்ந்தார்கள். பெரிய அடி யாருக்கும் இல்லை, ஆனால் ஊரே வீடியோவில் பார்த்துச் சிரித்தது. செந்தில் என் கடைக்கு வந்தபோது கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். அறுவடை மெஷினுக்குப் போல்ட் வாங்க வந்தவர்கள், இரண்டு ஆசாரிகள், டீக்கடைக்காரர். அவர்கள் எல்லார் எதிரிலும் போல்ட் இருந்த சாக்கைக் கல்லா மேல் வைத்து, குரலைத் தாழ்த்தாமல் சொன்னான். "அண்ணி, அய்யம்பேட்டையில மானமே போச்சு. இந்த நூலு, மில்லி ஒண்ணும் எனக்கு வெளங்கல. அண்ணன் இருந்தப்பவே உள்ளேருந்து நீங்கதான் எல்லாத்தையும் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். ஃப்ளெக்ஸ் மெஷின் போட்டாலும் நீங்க கூட இருந்து பாத்துக்கணும். எது எங்க போடணுமோ நீங்களே எடுத்துக் குடுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீக்கடைக்காரர்கூடப் பார்த்தார். வளைவு எவ்வளவு அகலம், ஃப்ளெக்ஸ் எவ்வளவு கனம், கிரீடம் எங்கே கட்டுவீங்க, எந்த இடத்தில் உட்காருவீங்க என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். ஒன்றையும் மறைக்காமல் பதில் சொன்னான். கால்களுக்கு ஒரு பொட்டலம், நடுவுக்கு ஒரு பொட்டலம் என்று தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தேன். "நடுவுல ரொம்ப இறுக்காதீங்க தம்பி, மரை போயிரும்" என்றேன். சரிங்கண்ணி என்று சிரித்துக்கொண்டே போனான்.

எழுதாமல் என்னையே பார்க்கிறீர்களே, மேடம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நாலு பேர் எதிரில் ஒருவன் முதல் தடவையாக என்னை நம்பிக் கேட்கிறான் என்பதால், டப்பாவிலிருந்து ஏனோதானோவென்று அள்ளிப் போட்டு அனுப்பிவிடவில்லை. நடுவுக்குக் கொடுத்த ஒவ்வொரு நட்டையும் அவன் கொண்டுவந்த போல்ட்டில் என் கையாலேயே ஏற்றி, ஆட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன்.